முதல் வாய் நீ குடி

போன புதன்கிழமை மத்தியானம் உன் மகள் ரேவதி ஒரு காகிதப் பையோடு வந்தாள். உன் கைப்பையை ஒழித்துச் சுத்தம் செய்தாளாம். உள்ளே ஜிப்பு வைத்த சின்ன அறையில் எனக்கென்று எழுதிய பொருள் ஒன்று இருந்ததாம். எடுத்து நீட்டினாள். பழைய மாத்திரை பாட்டில், வெள்ளை மூடி. மருந்துச் சீட்டைச் சுரண்டிவிட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டி, நீலப் பேனாவில் 'கியூசி' என்று எழுதியிருந்தாய். பெட்டிகளில் நம்பர் போடும்போது எழுதுவாயே, அதே சாய்ந்த கையெழுத்து. உள்ளே வெள்ளையாக ஏதோ பொடி.

உனக்கு என்னைத் தெரியும். உடனே திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குலுக்கிப் பார்த்தேன். "நீ தொறந்து பாத்தியா?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"இல்ல ஆன்டி. உங்களை அம்மா கியூசின்னுதானே கூப்பிடுவாங்க, அதான் அப்படியே கொண்டாந்தேன்" என்றாள்.

பிளாஸ்திரி ஓரம் லேசாக நிமிர்ந்திருந்தது. திறந்திருப்பாள் என்றே நினைத்தேன். அவள் போன பிறகு மூடியைத் திருகி முகர்ந்தேன். வாசனை இல்லை. சுண்டுவிரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன்.

உப்பு. வெறும் சமையல் உப்பு.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே!" என்று ஆளில்லாத வீட்டில் சத்தம் போட்டேன். ஒன்றரை வருஷமாக என் கஞ்சியில் நீ எதையோ போடுகிறாய் என்று எனக்குச் சந்தேகம். ஒன்றரை வருஷமாக நீ இல்லவே இல்லை என்று சாதித்தாய். கடைசியில் கையும் களவுமாகப் பிடித்தபோது, சண்டை போட நீ இல்லை. நீ போய் ஐம்பது நாளாகிவிட்டது.

எனக்குச் சந்தேகம் பிறவியிலேயே வந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாய். அது பொய். அதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கிள்ளான் பக்கம் மேருவில் அந்தக் கையுறைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் கியூசி பிரிவில் இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலையே அதுதான். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளை உருவி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, இரண்டு நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு விரல் நுனியில் ஒரு துளி கசியும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பவள் கண்ணுக்கு அந்தத் துளி தெரியாது.

நீ பேக்கிங்கில் இருந்தாய். பெட்டி கட்டி, டேப் ஒட்டி, உன்னுடைய நாற்பத்தேழாம் நம்பரைப் போட்டு நீ அடுக்கி முடித்த பிறகுதான் நான் வந்து பிரிக்கச் சொல்வேன். "கியூசி வந்துட்டா, எல்லாரும் கையத் தூக்குங்க" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்வாய். நான் முறைப்பேன். அன்று சாயங்காலமே கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பதும் நீதான். நம் ஊர் பண்டமாரான் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்குவாய். ஒரே பிளாட்டில் கீழ் வீடு எனக்கு, மூன்றாம் மாடி உனக்கு. இருவருக்கும் வேலை முடிந்து, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, மகன் ஜோகூர் பக்கம் குடியேறிய பிறகும், தினமும் காலை கோப்பிக்கு நீ இறங்கி வருவது நிற்கவில்லை.

பிறகு எனக்கு அந்த ஆபரேஷன். கட்டி என்று சொல்லிப் பெருங்குடலை முழுசாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்க மலம் அந்தப் பையில்தான் வரும் என்றார்கள். நான் முதலில் கேட்ட கேள்வி, "இந்தப் பையை டெஸ்ட் பண்ணது யாரு?"

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். பை வைத்த நோயாளிகளுக்கென்றே இருக்கும் தாதி அவள், நம் தமிழ்ப் பெண், ரேவதி வயதுதான் இருக்கும். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத்தான் தெரியும். கொடுத்தனுப்பிய பத்துப் பைகளில் நான்கை எடுத்துக் குளியலறைக் கொக்கிகளில் மாட்டி, தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கும் தேறின. ஆனால் காற்றுப் போவதற்கு வைத்திருந்த வடிகட்டி நனைந்து, தோலில் ஒட்டும் வளையம் ஊறிப் பிதுங்கி, நான்கும் எதற்கும் உதவாமல் போயின. நீ கதவைத் திறந்து பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடியே கியூசி, நாலும் பாஸ்! ஆனா ஒண்ணையும் ஒட்ட முடியாது. பேக்டரில இருந்தப்பவும் நீ இதத்தானே செஞ்ச?"

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதமாக நான் சிரிக்கவே இல்லை. தையல் வலிக்க வலிக்க அன்றுதான் சிரித்தேன்.

அளந்து எழுதும் வேலையை மிஸ்ஸி உன்னிடம்தான் கொடுத்தாள். எனக்கு அப்போது குனியவே முடியாது. பை பாதி நிறைந்ததும் கீழ் வாயைத் திறந்து அளவு ஜக்கில் விட வேண்டும், எவ்வளவு என்று பார்த்துக் குறிக்க வேண்டும், பிறகுதான் கொட்ட வேண்டும். "ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிக்குக் கீழ, கஞ்சி மாதிரி கெட்டியா இருந்தா நல்லது ஆன்டி. தண்ணி மாதிரி ஆயிரத்து ஐநூறு தாண்டிச்சுன்னா உடனே எனக்குப் போன் பண்ணணும்" என்றாள். நீ மூக்கைச் சுளிக்காமல் அதைச் செய்தாய். சுளிக்கிறாயா என்று நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டது நான். நேரம், அளவு, கெட்டியா தண்ணீரா, நிறம், பார்த்தவர் கையெழுத்து. "கையெழுத்து எதுக்குடி, இங்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டாய். இருந்தாலும் ஒவ்வொரு வரியிலும் நாற்பத்தேழு போட்டாய். ஜக்கின் கோடுகளையும் நான் நம்பவில்லை. சமையலறையில் இருந்த இன்னொரு அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்து, ஐந்நூற்றுக்கு நேராக நகப்பூச்சில் கோடு இழுத்தேன். ஒருநாள் பையில் சிவப்பாக வந்தது. ரத்தம் ரத்தம் என்று நான் அலறியதில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்கூட ஓடி வந்தார். "நேத்து ஒரு கிண்ணம் பீட்ரூட்ட முழுங்கினது யாரு?" என்று கேட்டுவிட்டு, நிறம் என்ற கட்டத்தில் 'பீட்ரூட்' என்றே எழுதினாய். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டில் மிஸ்ஸி சொன்ன மற்றதை எல்லாம் கேட்டேன். மென்று தின்றேன். சோளம், காளான், வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு எதையும் தொடவில்லை. துவாரத்தை அடைத்துக்கொள்ளும் என்றாள், அடைப்பதென்றால் எனக்குப் புரியும். ஆனால் சாப்பாட்டில் உப்பைக் கூட்டச் சொன்னாள் பார், அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. என் வீட்டுக்காரர் பிரஷர் ஏறி, ஒரு பக்கம் விழுந்து, மூன்று வருஷம் படுத்துக் கிடந்து போனவர். அவருக்கு மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் கிளினிக்கில் சொன்னது ஒன்றுதான், உப்பைக் குறை. அன்றிலிருந்து என் வீட்டில் உப்பு டப்பாவே கிடையாது. இருபது வருஷம் விஷம் என்று சொல்லிவிட்டு, நேற்று வேலைக்கு வந்த பிள்ளை மருந்து என்று சொன்னால் எப்படி நம்புவது? அவள் தந்த சாப்பாட்டுக் குறிப்புக் காகிதம் வேறு யாருக்கோ அடித்தது, தவறி என் கைக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்தேன். பார்லித் தண்ணீர், இளநீர், சுடுதண்ணீர், ஜக் ஜக்காகக் குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம், இரண்டாயிரத்து நூறு. நீ எழுதிய எண்களைப் பார்த்து, ஜக் உடைந்துவிட்டதோ என்று ஜக்கைத் திட்டினேன், மிஸ்ஸிக்குப் போன் போடவும் உன்னை விடவில்லை. உதடு வெடித்தது. கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. ஒரு காலை குளியலறையில் கண் இருட்டி விழுந்தேன். நீதான் கதவை உடைக்காத குறையாகத் தள்ளித் திறந்தாய்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். கிட்னி வேலை செய்யும் அளவு பாதிக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். இப்போது ஏறிவிடும், இன்னொரு தடவை இப்படி வந்தால் உறுதி சொல்ல முடியாது, அப்புறம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார். மிஸ்ஸி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

"ஆன்டி, தண்ணியையும் உப்பையும் உள்ள இழுத்து வைக்கிறது பெருங்குடல். உங்களுக்கு அது இப்ப இல்ல லா. உப்பு எல்லாம் பையில போயிருது. வெறும் தண்ணி குடிச்சா அது உடம்புல இருக்கற உப்பையும் சேத்து இழுத்துக்கிட்டு வெளிய போவும். அதனாலதான் குடிக்கக் குடிக்கத் தாகம். உப்பும் சர்க்கரையும் அளவாக் கலந்த தண்ணி குடிங்க, சாப்பாட்டுல உப்பு சேருங்க, வெறும் தண்ணிய குறைங்க."

தலையாட்டினேன். நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். மிஸ்ஸி வெளியே போனதும் பின்னாலேயே நீயும் போனாய். திரைச்சீலை இடுக்கில் உங்கள் இருவரின் கால்களும் எதிரெதிரே நிற்பது தெரிந்தது.

"மிஸ்ஸிகிட்ட என்ன பேசுன?" என்றேன் நீ திரும்பியதும்.

"டாய்லெட் எங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு அஞ்சு நிமிஷமா?"

"பெரிய ஆஸ்பத்திரி லா. வழி சொல்ல நேரமாவும்" என்றாய். சிரிக்காமல் பொய் சொல்ல உன்னைப்போல் ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து எனக்குச் சமையல் நீதான். வெறும் தண்ணீராகக் குடித்துத் தீர்ப்பேன் என்று என் சுடுதண்ணீர் பிளாஸ்க்கை மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டாய். காலையில் ஒரு கிண்ணம் குழைந்த கஞ்சி, நெத்திலி வேகவைத்து வடிகட்டிய தண்ணீரில், இஞ்சி தட்டிப்போட்டு. கரண்டி நுனியை நாக்கில் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுல உப்பு இருக்கு."

"நெத்திலி லா. கடல்ல பொறந்தது, சக்கரையாவா இருக்கும்?"

"நீ உப்பு போட்ட."

"போடல."

"அப்ப முதல் வாய் நீ குடி."

உப்பு போட்டிருந்தால் குடிக்கத் தயங்குவாய் என்பது என் கணக்கு. உப்பு எனக்கு விஷம், எனவே எல்லோருக்கும் விஷம் என்று இருந்திருக்கும். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தாய். "போதுமா?" என்றாய். இன்னொரு வாய் என்றேன். அதையும் குடித்தாய். அதன் பிறகுதான் நான் கிண்ணத்தை எடுத்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் கிண்ணம் மேஜைக்கு வரும், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீ குடிப்பாய். சில நாள் பாதிக் கிண்ணம்வரை குடிக்க வைத்திருக்கிறேன். கரண்டியை வாயில் வைத்த கையோடு எழுந்து சிங்க்குக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் உனக்கு வந்தது. கரண்டி கழுவுகிறேன் என்பாய். ஒரு கரண்டியைக் கழுவ இவ்வளவு நேரமா என்று அதையும் சந்தேகப்பட்டேன். எதையோ ஒளிக்கிறாய் என்று தோன்றியது. அது என்ன என்று யோசிக்கவில்லை.

அந்த மாதமே நோட்டில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஆயிரத்து இருநூறு. தொள்ளாயிரத்து ஐம்பது. எழுநூறு, கெட்டி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீ குறைத்து எழுதுகிறாய் என்று நினைத்தேன். நான் பார்க்காமல் கொட்டக்கூடாது என்றேன். நீ ஜக்கை என் மூக்குக்கு நேரே நீட்டி, "நல்லாப் பாருங்க மேடம், முகர்ந்தும் பாருங்க" என்றாய். எழுநூறுதான். ரத்தப் பரிசோதனையில் கிட்னி நன்றாக ஏறியிருந்தது. மிஸ்ஸிக்கு ஒரே சந்தோஷம். "உப்பு சேத்தீங்களா ஆன்டி?"

"ஒரு கல்லு உப்புகூடத் தொடல" என்றேன் பெருமையாக.

மிஸ்ஸி உன்னைப் பார்த்தாள். நீ மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உன் வாயைக் கிளறினேன். ஒன்றும் பெயரவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை என்னைக் கிளப்பிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாயே, அதுதான் பையோடு நான் போன முதல் வெளியூர்ப் பயணம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எனக்கென்று தேடி வாங்கி வந்த தொளதொள சட்டையைப் போட்டுவிட்டாய். உன் கைப்பையில் மாற்றுப் பை, கத்தரிக்கோல், ஈரத் துணி எல்லாம் இருந்தன. கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து போகும் வழி முழுக்க, எதிரே உட்கார்ந்திருந்தவன் என் வயிற்றையே பார்க்கிறான் என்று நான் உன்னைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்றாய். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குபவர்கள் உண்டு என்றேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் இலையிலிருந்த முருங்கைக்காயை எல்லாம் பொறுக்கி உன் இலையில் போட்டுக்கொண்டாய். நார் எனக்கு ஆகாது என்றாய். உனக்கு முருங்கைக்காய் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பையைக் காலி செய்ய உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது, உன் கை என் மோர் டம்ளரின் மேலிருந்து கைப்பைக்குள் போவதைப் பார்த்தேன்.

"என்ன போட்ட?"

"ஈ விழுந்துச்சு. எடுத்தேன்."

"எங்க ஈ?"

"பறந்துருச்சு."

"விழுந்த ஈ பறந்துருச்சா? முதல்ல நீ குடி."

சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். நீ டம்ளரை எடுத்துப் பாதி மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் நகர்த்தினாய். அங்கே எழுந்து போக சிங்க் பக்கத்தில் இல்லை. திரும்பி வரும்போது ரயில் நிலையப் படிகளில் மூன்று இடத்தில் நின்றாய். கடையைப் பார்க்கிறேன், விளக்கைப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு காரணம்.

நம் பிளாட்டிலும் அப்படித்தான். லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் நீ மூன்று மாடி ஏறும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். இரண்டாம் மாடியில் நின்றுவிடும். அங்கே இருக்கும் பஞ்சாபிக்காரியிடம் என்னைப் பற்றிப் பேசுகிறாய் என்று நினைத்தேன். உன் கணுக்கால் வீங்கியிருந்தது. சிலிப்பர் வார் அழுத்திய தடம் சாயங்காலம்வரை மறையாது. பேக்கிங்கில் முப்பது வருஷம் நின்ற கால் என்றாய், நானும் விட்டுவிட்டேன். பை, ஜக், எண், மிஸ்ஸி, ஈ என்று ஒன்று விடாமல் சந்தேகப்பட்டேன். உன் காலை மட்டும் நம்பினேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. மூச்சு விட முடியவில்லை, நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரேவதி போன் செய்தாள். நான் மூன்று தடவை "யாரு, எந்த அம்மா?" என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே மூன்று தடவையும் சொன்னாள்.

பதினாறாம் நாள் படையலில் உனக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தார்கள். முருங்கைக்காய்ச் சாம்பார் இருந்தது. படைத்த இலையிலிருந்து எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். எதிலும் உப்பில்லை. மறந்துவிட்டாயா என்று ரேவதியிடம் கேட்டேன்.

"மறக்கல ஆன்டி. அம்மா சாப்பிட்ட மாதிரியே வச்சேன். நாலு வருஷமா அம்மாவுக்கு இதயம் வீக். உப்பு கூடவே கூடாது, தண்ணிகூட அளந்துதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அன்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீயும் என்னைப்போல் உப்பில்லாமல் தின்றவள்தான், அப்படியானால் கஞ்சியில் உப்பு இருந்திருக்க முடியாது, நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நெத்திலிக் கஞ்சியை உன்னைப்போலவே வைத்துக் குடித்தேன். உப்பில்லாமல். இரண்டு வாரத்தில் எண்கள் ஏறின. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து எழுநூறு. குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றேன். அரிசி மாறிவிட்டது என்றேன். கால் முறுக்கியதை, உன்னை நினைத்துத் தூங்காததால் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் இந்தப் பாட்டில் வந்தது.

கத்தி முடித்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்பு கூடாத நீ. உப்புப் போட்ட கஞ்சி. முதல் வாய் நீ குடி, இன்னொரு வாய், இன்னும் கொஞ்சம். என் உடம்பில் தண்ணீர் நிற்கவில்லை, உன் உடம்பை விட்டுத் தண்ணீர் போகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே கிண்ணத்தை வைத்து ஒன்றரை வருஷம் உன்னைக் குடிக்க வைத்திருக்கிறேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கஞ்சியைத் தொட்டிருக்க மாட்டேன், அது உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாப்பாட்டுல சேத்துக் குடுங்கன்னு நான்தான் அந்த ஆன்டிகிட்ட சொன்னேன். அவங்க ஹார்ட் பேஷண்டுன்னு என்கிட்ட சொல்லவே இல்ல லா" என்றாள்.

"அதனாலயா போயிட்டா?"

"காலையில ஒரு ரெண்டு வாய் கஞ்சியில அப்படி ஆவாது ஆன்டி. அவங்களுக்கு ஏற்கனவே ரொம்ப வீக்கா இருந்திருக்கும். நீங்க அப்படி நினைக்கக்கூடாது."

என் மனது நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு வாய் என்று நான் சொல்லவே இல்லை, பாதிக் கிண்ணம் என்றல்லவா சொன்னேன்? பிறகு அவள், இப்போது எவ்வளவு வருகிறது, தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நாளைக்கே ரத்தம் எடுக்க வரச் சொன்னாள். போனேன். கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் கைமீறவில்லை என்றார்கள். உப்பும் சர்க்கரையும் கலக்கும் அளவை மறுபடி எழுதித் தந்தாள். இந்தத் தடவை காகிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, ரேவதி கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள். நெத்திலித் தண்ணீர், இஞ்சி, நீ வைத்த அதே கிண்ணம். மேஜையில் வைத்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே கரண்டியை எடுத்துக் கஞ்சியில் விட்டாள்.

"என்ன செய்யற?" என்றேன்.

"முதல் வாய் நான் குடிக்கணும்ல ஆன்டி? அம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு முடியாமப் போனா நீ போய்க் குடு, முதல்ல நீ குடிச்சுக் காட்டு, அப்பதான் அவ தொடுவான்னு."

அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். கஞ்சி மேஜையில் சிந்தியது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். அதில் உப்பில்லை. பாட்டில் ரகசியத்தை நீ அவளிடமும் சொல்லவில்லை, எனக்கு உப்பு ஆகாது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததை அவள் உண்மை என்று நம்பியிருக்கிறாள், பாவம்.

"உப்பு பத்தல. அலமாரியில உங்கம்மா பாட்டில் இருக்கு, எடு" என்றேன்.

பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு அவள் எடுத்துக் கொடுத்தாள். நானே போட்டுக் கலக்கிக் குடித்தேன், கடைசிவரை. நோட்டை எடுத்து, நேரத்தை எழுதி, 'உப்பு' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். சாயங்காலம்வரை வந்தது எழுநூற்றைம்பது. பாட்டிலில் பாதிக்குமேல் இன்னும் இருக்கிறது. இனி அது என் கைப்பையில்தான் இருக்கும், ஜிப்பு வைத்த அறையில்.

ரேவதி போன பிறகு கிண்ணத்தைக் கழுவ எழுந்தேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இதே இடத்தில்தான் நீ தினமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கரண்டி கழுவ அவ்வளவு நேரம் ஆகாது, நான் அப்போதே கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சந்தேகம் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். விழுங்காமல் வாயில் வைத்திருந்து, இங்கே வந்து, குழாயைத் திறந்துவிட்டுத் துப்பியிருக்க வேண்டும்.

துப்பினாய்தானே?